பூட்டு போன இடம்

தன்னிடம் பிளான் வரையும் வேலை பார்க்கும் ரோஹிணியின் கைப்பையை மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார் ஜம்பு. டிபன் டப்பா, சீப்பு, பஸ் பாஸ், பாதி தின்ற கடலைமிட்டாய் எல்லாம் விழுந்தன. அவர் தேடிய பூட்டு மட்டும் விழவில்லை.

தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் பூட்டு அது. அதைக் கம்ப்யூட்டரின் பின்புறம் செருகினால்தான் வீட்டு பிளான் வரையும் சாஃப்ட்வேர் ஓடும். ஸ்கூட்டரை விற்று, முழு விலை கொடுத்து வாங்கியவர் ஜம்பு. கோந்த்வா வட்டாரத்திலேயே கள்ள காப்பி வைத்துக்கொள்ளாத ஒரே ஆசாமி என்று அவருக்குப் பெருமை வேறு.

இப்போது, மனைவி ருக்மிணி வைத்த சந்தனப் பொட்டுக்குக் கீழே, 'இது திருட்டு காப்பி' என்று அவரையே ஏசிக்கொண்டிருந்தது திரை.

"லாக் எங்கம்மா?"

"நான் தொடவே இல்ல சார். காலைல வந்தப்பவே இல்ல. நீங்க ஏரவாடா சைட்டுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"சைட்ல செங்கல்லுலயா செருகப் போறேன்? அடுத்த வாரம் புதுக் கம்பெனியில சேரப் போறியே, அவங்க கேட்டாங்களா?"

ரோஹிணி இந்த ஊர் தாபோடியில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் அவளுக்குப் பாதித் தமிழ் மறந்து ஹிந்தி வந்துவிடும். "க்யா சார்! ரெண்டு வருஷமா வேலை செய்யறேன். என்னைச் சோர்னு, திருடின்னு சொல்றீங்களா?"

நாலு மணிக்கு பில்டர் வருகிறார். பிளான் கையில் இல்லையென்றால் ஜம்புவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். விற்ற கம்பெனிக்கு போன் போட்டார். பூட்டு தொலைந்தால் சாஃப்ட்வேரையே மறுபடி வாங்க வேண்டியதுதான் என்று ஹிந்தியில் கூலாகச் சொல்லி வைத்துவிட்டான் ஒருவன்.

ரோஹிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், லாக் இல்லாம ஓடற காப்பி என் ஃபிரெண்டுகிட்ட இருக்கு. வாங்கிட்டு வரட்டுமா?"

"ஓஹோ! எல்லா ஏற்பாடும் தயாரா இருக்கா?"

"அது கிடைக்கும்போது உங்க லாக் எனக்கு எதுக்கு சார்?"

நியாயமான கேள்விதான். அது காதில் ஏறுகிற நிலையில் ஜம்பு இல்லை. "போலீஸ் வந்து கேட்டா உண்மை தானா வரும்" என்று மறுபடி ரிசீவரை எடுத்தார்.

ரோஹிணி சிதறிய சாமான்களை அள்ளிப் பைக்குள் திணித்தாள். "நாளைலேர்ந்து நான் வரல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கிவிட்டாள்.

சத்தம் கேட்டு, சுண்டல் கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்தாள் ருக்மிணி. "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

"லாக்கைக் காணோம்டி! இந்த ஆபீசுக்கே உயிர் அதுதான்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சொன்னீங்களே. அதனாலதான் காலைல அதைக் கழட்டி, குங்குமம் வச்சு, சரஸ்வதி படத்துக்கு முன்னாடி வச்சிருக்கேன்."

ரிசீவரைப் போட்டுவிட்டுப் பூஜையறைக்கு ஓடினார் ஜம்பு. ருக்மிணி கரண்டியை நீட்டி வழிமறித்தாள்.

"நாளைக்குத்தான் எடுக்கணும்!"