ஓட்டையில்லாத வாளி

மொட்டைமாடியில் ஒரு முள்ளுக்கத்தரிச் செடி பொருமிக்கொண்டிருந்தது. அதைப் பழைய பெயிண்ட் வாளியில் நட்டிருந்தார்கள். வாளியின் அடியில் ஊசி நுழையக்கூட ஓட்டை கிடையாது. ஊற்றிய தண்ணீரெல்லாம் உள்ளேயே தேங்கி, செடியின் வேர் அழுகிக்கொண்டிருந்தது.

“எத்தனை தடவை சொல்றது? கொஞ்சம் தண்ணியை வெளியே விடு. எனக்கு மூச்சு முட்டுது,” என்றது செடி.

“என்னைப் பார்த்தா ஓட்டை வாளி மாதிரியா இருக்கு? ஒரு சொட்டு சிந்தினதில்லை நான். எல்லாம் உனக்காகத்தான் சேர்த்து வைக்கிறேன், நன்றி கெட்டவளே,” என்றது வாளி.

“நீ சேர்த்து வைக்கிறதுலதான் நான் சாகுறேன்.”

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி சற்குணம் மாடிக்கு வந்தாள். இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்குவதைக் கண்டு, “ஐயோ பாவம், தண்ணி பத்தலை போல,” என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டுப் போனாள்.

“பார்த்தியா, அவங்களுக்கும் உன்மேல எவ்வளவு பாசம்,” என்றது வாளி.

செடிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசியது. காற்றடித்தபோதெல்லாம் தன் முள்ளால் வாளியின் விளிம்பைக் கீறியது. வாளிக்கு அது உறைக்கவே இல்லை. சில நாளில் செடி அடியோடு சாய்ந்தது.

சற்குணம் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே வாளியில், அதே சேற்றில் ஒரு தக்காளி நாற்றை நட்டாள்.

“எனக்கு முன்னாடி இங்கே இருந்தவளுக்கு என்ன ஆச்சு?” என்று நாற்று பயந்தபடி கேட்டது.

“அவளா? சரியான கோபக்காரி. அந்தக் கோபத்துலயே அழுகிப் போயிட்டா,” என்றது வாளி. “நீயாவது அனுசரிச்சுப் போ.”