இஞ்ச் டேப்பில் மைனஸ் இல்லை

"அந்த டேப்பைக் கீழ வைங்க சார். வச்சுட்டுப் பதில் சொல்லுங்க."

தமிழ்மதி போட்ட சத்தத்தில், பேக்கிங்கில் மடித்து அடுக்கியிருந்த ஆறாயிரம் டி-ஷர்ட்டும் ஒரு சைஸ் சுருங்கியிருக்கும்.

பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். செக்கிங் டேபிளில் குவாலிட்டி மேனேஜர் மோகன்ராஜும், பி.எஸ்சி. கணக்கு படித்த அவருடைய அசிஸ்டென்ட் தமிழ்மதியும் மட்டும். நடுவில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுப் புத்தகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மோகன்ராஜுக்குத் தேர்வு. மூன்று தடவை கோட்டை விட்டவர் அவர். இதுதான் கடைசி என்று வீட்டில் கெடு வைத்துவிட்டார்கள்.

"மறுபடி படிக்கறேன், காதைத் தீட்டிட்டுக் கேளுங்க. எண்கோட்டுல கியூங்கற புள்ளி எங்க இருக்குது? தகவல் ஒண்ணு, பூஜ்ஜியத்துல இருந்து பி மூணு அலகு தூரம். தகவல் ரெண்டு, பி-ல இருந்து கியூ ரெண்டு அலகு தூரம். கியூவைக் கண்டுபிடிக்க இது போதுமா, போதாதா?"

மோகன்ராஜின் கை தன்னாலேயே இஞ்ச் டேப்பில் ஊர்ந்தது. மூன்றில் கட்டைவிரல், ஐந்தில் ஆட்காட்டி விரல்.

"அஞ்சுங்க. தாராளமாப் போதும்."

"ஏனுங்க, பூஜ்ஜியத்துக்கு இந்தப் பக்கம் மூணு அலகு இருக்காதுங்களா?"

"டேப்புல அந்தப் பக்கம் தகரந்தானுங்க அம்மிணி இருக்குது. பன்னெண்டு வருசமா அளக்கறேன். மைனஸ்ல நெஞ்சளவு எவனுக்கு இருக்குது?"

தமிழ்மதி டேப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினாள். அது தாராபுரம் ரோட்டையே பாதி அளந்துவிட்டுத்தான் விழுந்தது.

"அஞ்சு, ஒண்ணு, மைனஸ் ஒண்ணு, மைனஸ் அஞ்சு. நாலு எடத்துல இருக்கலாம். ரெண்டு தகவலும் சேந்தாலும் போதாது. பிசைஞ்சு ஊட்டியும் உட்டாச்சு, முழுங்கறதுக்குக்கூடவா உங்களுக்கு ஆள் வேணும்?"

அவள் மூக்கு நுனி சாயப்பட்டறையில் முக்கி எடுத்த மாதிரி சிவந்திருந்தது. மோகன்ராஜுக்கோ உள்ளே வெண்ணெய் உருகியது. ஆறு மாதமாகத் தன் சாப்பாட்டு நேரத்தை அவருக்குக் கொடுக்கிறாள், இது ஒன்று. அவர் தப்பாகப் போட்டால் இவளுக்கு இப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது, இது இரண்டு. இந்த இரண்டும் தாராளமாகப் போதும் என்று முடிவு கட்டினார். மனசுக்குள் மண்டபம் பிடித்து, இரண்டாம் பந்திக்கு இலையும் போட்டுவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி," குரலைத் தழைத்துக்கொண்டார். "நான் பாஸாயிட்டா வேலைய உட்டுட்டு பெங்களூருக்குப் போயிருவனே. உங்களுக்குச் சங்கடமா இருக்காதுங்களா?"

தமிழ்மதி பக்கத்தைக் கிழியாத குறையாகத் திருப்பினாள்.

"சங்கடமா? நீங்க போற அன்னைக்கே மேனேஜர் சீட்டு எனக்குன்னு முதலாளி சொல்லி மூணு வருசமாச்சுங்க. வருசா வருசம் பெயிலாகி, நீங்கதான் அதுலயே வந்து உக்காந்துக்கறீங்க."