முன்வரிசை நாற்காலி

டார்லா கோர்ட் ஹாலின் முன்வரிசை நாற்காலி ஒன்றில் கைப்பையை வைத்து ஒருவருக்கு இடம் பிடித்துக் காத்திருந்தாள். ஜெயிலுக்குப் பதிலாகக் கோர்ட் விதித்த ஒன்றரை வருட போதை மீட்புச் சிகிச்சையை முடித்துவிட்டாள். இன்று வழக்கு தள்ளுபடி. விழா எடுத்துச் சான்றிதழும் தருவார்கள்.

அரசு வக்கீல் ஹக்கபிக்குப் பொறுமை போய்விட்டது. "நீதிபதி வந்தாச்சும்மா, வா!"

"அவர் வராம வாங்க மாட்டேன் மேடம்."

"யாரு அந்த மகராசன்? அப்பாவா?"

"இல்ல. நான் ரோட்டுல விழுந்து கிடந்தப்ப கையைப் பிடிச்சுத் தூக்கினவர்."

"ஓ, காதலனா!" ஹக்கபி சிரித்தாள்.

கதவு திறந்தது. மூச்சிரைக்க ஓடிவந்தார், யூனிஃபார்மில் ஒரு தொப்பைப் போலீஸ்காரர். டார்லாவுக்குக் கொடுக்கச் சொல்லிச் சான்றிதழை நீதிபதி அவரிடமே நீட்டினார்.

"அன்னைக்குக் கையைப் பின்னால நீட்டச் சொல்லி விலங்கு மாட்டினேன். இன்னைக்கு முன்னால நீட்டு, கண்ணு."