தண்ணீர் வந்த வழி

தர்மதேவி கணவருடைய சட்டைப் பையின் பட்டனைப் போட்டுவிட்டாள்.

பைக்கு மூடி வைத்துப் பட்டன் தைத்ததும் அவள்தான். ஒருமுறை சாயப்பொடி சிந்தி, ஊறவைத்திருந்த வேட்டி, துண்டு, அவளுடைய ஜாக்கெட் எல்லாம் கிளிப்பச்சையாகிவிட்டன. பொடி செங்கல் நிறம்தான். தண்ணீர் பட்டால் பச்சை.

ஸ்ரீசந்திரன் திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் நிலவியல் பேராசிரியர். பூமிக்குள் தண்ணீர் பாறையை எப்படிக் கரைக்கிறது, பாறை தண்ணீரை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதைத்தான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஏரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு பாழுங்கிணறு. அங்கிருந்து ஒரு விரிசல் வழியாகத் தங்கள் வீட்டுக் கிணற்றுக்குத் தண்ணீர் வருகிறது என்று அவர் நம்பினார். அங்கே சாயத்தைக் கரைத்தால், என்றைக்காவது இங்கே பச்சை தெரியும்.

"இன்னிக்கே கொட்டிடாதீங்க. குடிக்கிற தண்ணி."

"உங்கிட்ட சொல்லாம கொட்டுவனா? மட்டம் அளந்துக்கினு ஜல்தியா வந்துடறேன். பொழுது சாஞ்சா நீ சோறு போடமாட்டன்னு தெரியாதா எனக்கு?"

பொழுது சாய்ந்தது. சமணர்களான அவர்கள் வீட்டில் இருட்டிய பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. அவருக்காக எடுத்து வைத்த சோறு காலையில் மாட்டுக்குப் போனது.

பாழுங்கிணற்று மேட்டில் ஸ்கூட்டர் நின்றது. செருப்பு இருந்தது. அளவு நாடா கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. முங்கிப் பார்த்தவர்கள் அடியில் பாறை பிளந்திருக்கிறது என்றார்கள். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அதற்குள் டார்ச் வெளிச்சம் போய் எதிலும் படவில்லை. மூன்று மோட்டார் போட்டு இறைத்தும் மட்டம் இறங்கவில்லை.

அவரோடு வேலை பார்த்த மணிமாறன்தான் அதைக் கவனித்துச் சொன்னார்.

"மேடம், சார் பையில சாயப் பொட்டலம் இருந்துச்சுன்னு சொல்றீங்க. உள்ள விழுந்திருந்தா தண்ணி கிளிப்பச்சையா ஆயிருக்குமே. பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்குது."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பல இடங்களில் தென்பட்டார். விக்கிரவாண்டி டோல்கேட் டீக்கடையில். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில், கையில் தூக்குவாளியோடு. "பாறையக் கட்டிக்கினு அழுத மனுசன், உன்னக் கட்டிக்கினு எத்தினி நாளு இருப்பாரு? தொறவு போயிருப்பாரு" என்றாள் ஓரகத்தி. சொன்னவளையே வியக்கவைக்கும்படி தர்மதேவி சிரித்தாள். துறவு போனவர் நடந்துகொண்டிருப்பார். எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பாழுங்கிணற்றின் வாய்க்குக் கம்பி வலை போட்டு மூடினார்கள். அவள் பொட்டை அழிக்கவில்லை.

வீட்டில் மற்றதற்கெல்லாம் மோட்டார். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் கயிறும் வாளியும். சேந்திய தண்ணீரை நாலாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், எந்தத் தண்ணீரில் இருந்தனவோ அந்தத் தண்ணீருக்கே திரும்பிப் போகவேண்டும். மேலிருந்து கொட்டக்கூடாது. துணியை வாளிக்குள் அலசி, வாளி நீரைத் தொடும்வரை இறக்கி, மெல்லச் சாய்க்கவேண்டும்.

ஸ்ரீசந்திரன் இதைப் பார்த்துக் கேலி செய்வார். "நீ எறக்கி விடறது எல்லாம் வழிப்போக்கனுங்க, தேவி. அதுங்களுக்கு இதுவா ஊரு?"

மறு வருஷத்து மழை விட்ட ஒரு காலை. குடத்தின் வாயிலிருந்து துணியை எடுத்து வெயிலில் விரித்தாள்.

நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, கிளிப்பச்சை.

முற்றத்து வெயிலில் அது லேசாக ஒளிர்ந்தது. வேறொரு துணியை எடுத்து வடிகட்டினாள். அதிலும் வந்தது. கையைப் பார்த்தாள். விரலிடுக்கிலும் இருந்தது.

அவளிடம் சொல்லாமல் அவர் கொட்டமாட்டார்.

தண்ணீர் பட்டதும் பச்சையாகியிருக்கும் என்று மணிமாறன் சொன்னபோது, தர்மதேவி வாயைத் திறக்கவில்லை. ஓரகத்தியிடமும் சொல்லவில்லை. அன்று காலை, பட்டனைப் போடுவதற்கு முன்னால், அந்தப் பொடியை அவள் கெட்டியான பாலிதீன் பையில் போட்டிருந்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றி, பையின் வாயை மடித்துச் சுடரில் காட்டி ஒட்டினாள். ஒரு தடவை ஒட்டியது போதாதென்று இன்னொரு மடிப்பு மடித்து மறுபடியும் ஒட்டினாள். அவர் அழுத்திப் பார்த்து, "இத ஒடைக்கணும்னா பாறையத்தான் கேக்கணும்" என்றார்.

அந்த ஒட்டு பிரியாதவரை, கண்ணாடித் தண்ணீருக்கு ஓர் அர்த்தமும் இல்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

இப்போது பிரிந்துவிட்டது.

துணியை வாளிக்குள் அலசினாள். ஏரிக்கு மேற்கே ஒருமுறை பார்த்தாள். எந்தத் தண்ணீரில் இருந்ததோ அந்தத் தண்ணீருக்கு. அங்கே கம்பி வலை. அதோடு, இவ்வளவு தூரம் நடந்து வந்ததைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

இந்த வழிப்போக்கனுக்கு இதுதான் ஊர்.

கயிற்றைக் கை கையாக விட்டாள். வாளி சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொண்டாள். நீரைத் தொட்டதும், சத்தம் வராமல் சாய்த்தாள்.

கிணற்றுச் சுவரில் அவர் மட்டம் பார்க்கச் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டில்தான் நின்றது.