காலி நாற்காலி

வக்கீல் தூங்கியதால்தான் மகன் சிறைக்குப் போனான் என்று அம்மா அப்பீல் போட்டிருந்தாள். அந்த வக்கீல் இன்று கூண்டில் நின்றார்.

“தூங்கினீங்களா?” என்றார் நீதிபதி.

“கண்ணை மூடி யோசிச்சேங்க.”

“ஏம்மா, நீங்க பின்னாலதானே இருந்தீங்க? எழுப்பலையா?”

“படிச்சவரை எப்படிய்யா தொட்டு எழுப்புறது? கூச்சமா இருந்துச்சு.” அவள் தலை நிமிரவில்லை.

இதே அறையில் நடந்த பழைய விசாரணையின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். சாட்சி பேசப் பேசக் குறட்டை கேட்டது. யாரோ சிரித்தார்கள். வக்கீல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“போதும், நிறுத்துங்க” என்றார் நீதிபதி.

குமாஸ்தா நிறுத்தினார். குறட்டை நிற்கவில்லை. அது வக்கீல் அன்று உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து வந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

அம்மா எழுந்து போய், தோள் இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டாள். “ஐயா, எந்திரிங்க. எம்புள்ளையப் பத்திப் பேசுறாங்க.”

குறட்டை நின்றது. கூண்டில் நின்றவர் திடுக்கிட்டுத் தன் தோளைத் தடவினார்.

“சாட்சி போயாச்சா?”