இரண்டு வோட்டில் ஒன்று

"ஒண்டு!" என்று கத்திக்கொண்டே அப்புக்காத்து றொபேர்த்தோ ஒரு விரலைப் புனிதமலரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "உங்கடை சாவடியிலை எனக்கு விழுந்தது ஒரேயொரு வோட்டு. ரெண்டெல்லோ விழுந்திருக்க வேணும்?"

கோர்ட்டிலே வாதாடிப் பழகின வாய். நகரசபையின் வட்டார உறுப்பினராகத் தேர்தல் கேட்ட மனுசன், ஒரு வோட்டால் தோற்றுப்போய் நேரே தாய் வீட்டுக்கு வந்து நிற்கிறார். அந்தத் தாயை, சிஞ்ஞோராவைத்தான், புனிதமலர் ஒன்பது வருசமாகக் குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்து, கூடவே இருந்து பார்க்கிறாள்.

எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை வோட்டு என்று பலெர்மோ நகரில் தனித்தனியாக வெளியில் வந்துவிடும். எங்கெங்கே தனக்கு யார் யார் போடுவார்கள் என்று பெயர் பெயராகக் குறித்து வைத்திருந்தவருக்கு, கவிழ்த்தது யார் என்று பிடிக்க எவ்வளவு நேரம்? இந்தச் சாவடிக்கு அவர் எழுதி வைத்தது இரண்டே இரண்டு பெயர். சிஞ்ஞோராவும் புனிதமலரும்.

"ஒண்டு அம்மாவின்ரை. மற்றது எங்கை?"

"ஐயா, தொத்தோரே, மடு மாதா அறிய நான் உங்களுக்குத்தான் போட்டனான்!"

அவர் மேசையில் கிடந்த கடதாசியை எடுத்தார். புனிதமலரின் உயிரே அதில்தான் இருந்தது. தம்பி சாந்தனைத் தன் கந்தோரில் வேலைக்கு வைத்திருப்பதாக அவர் எழுதிய ஒப்பந்தம்; கையெழுத்து மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை அதைக் குவெஸ்தூராவில், பொலிஸ்காரரிடம் காட்டாவிட்டால் தம்பிக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்கவும் வழியில்லை.

"உன்ரை வோட்டும் உன்ரை கோயில் சனத்தின்ரை வோட்டும் வரட்டும், கையெழுத்தும் வரும்" என்று போன மாதம் இதே மேசையில் வைத்துச் சொன்னவர் இந்த மனுசன்தான். வெட்கங்கெட்ட பேரம். ஆனால் வழியில்லாதவள் வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? கோயில் சனத்தில், லிபெர்த்தாத் தெருப் பக்கம் வீட்டு வேலை செய்து பிரஜாவுரிமை எடுத்த பதினேழு பேரின் கதவையும் போய்த் தட்டினாள்.

"மற்றச் சாவடியளிலை நீ சொன்ன வோட்டெல்லாம் சரியா விழுந்திருக்கு. சொந்தச் சாவடியிலை விளையாடிப்போட்டாய்! சமனா வந்திருந்தாலே பட்டியலிலை முந்தி நிக்கிற நான் உள்ளை போயிருப்பன். எழுதத் தெரியாமல் கெடுத்தியோ, இல்லை வேறை ஆருக்கும் போட்டியோ?"

அவளுக்கே சந்தேகம் பிடித்துவிட்டது. பிரஜாவுரிமை கிடைத்து அவள் போட்ட முதல் வோட்டு. சின்னத்துக்குப் புள்ளடி போட்டு, பக்கத்துக் கோட்டில் ஆளின் பெயரைத் தன் கையாலே எழுத வேண்டும். வீட்டில் முப்பது தரம் எழுதிப் பழகித்தான் போனாள். ஆனாலும் அந்த மறைப்புக்குள் எழுதின அவசரம்! கோட்டில்தான் எழுதினேனா? ஐயோ கடவுளே, என் கையாலேயே தம்பிக்குக் கொள்ளி வைத்தேனா?

சிஞ்ஞோரா என்றால் இந்த எண்பத்தாறு வயதிலும் துணை வேண்டாம் என்று தன் பாட்டில் உள்ளே போய் எழுதிவிட்டு வந்தா. வரும் வழியில் புனிதமலரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஈஸ்டருக்கும் நத்தாருக்கும் மட்டும் வந்தவன், வோட்டுக் கேக்கத் தொடங்கின நாளிலையிருந்து ஒரு நாள் தவறாமல் என்னட்டைச் சாப்பிட வாறான். வெண்டிட்டான் எண்டால் பிறகு ஆர் அவனைக் காணப்போறது?" என்று சிரித்தா. புனிதமலரும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

இப்போது றொபேர்த்தோ கடதாசியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

புனிதமலர் தொப்பென்று முழங்காலில் விழுந்தாள். "கிழிக்காதேங்கோ! என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ, இண்டைக்கே பெட்டியைக் கட்டிறன். என்ரை தம்பி என்ன பிழை செய்தவன்?"

"அப்ப உண்மையைச் சொல்லு."

உண்மையைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னாள், அது எடுபடவில்லை. கடதாசியைப் பார்த்தாள். பொய்யாவது தம்பியைக் காப்பாற்றட்டும்.

"ஓம், தொத்தோரே. நான்தான். நான்தான் பிழையா எழுதிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"கேட்டீங்களோ அம்மா? ஒன்பது வருசம் உங்கடை உப்பைத் திண்டவள்!" கடதாசியின் மேல் விளிம்பு 'சரக்' என்று ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. புனிதமலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இவ்வளவு நேரமும் சாய்கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த சிஞ்ஞோரா, மெல்லக் கண்ணைத் திறந்தா.

"கடதாசியைக் கீழை வை, றொபேர்த்தோ. அந்த ஒண்டு இவள் போட்டது."