இறக்கத்தில் ஒரு ஹாரன்

அந்தப் பழைய பிக்கப் வண்டிக்குப் பின்சக்கர பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால் இறக்கம் வந்தாலே ஹாரன் தொண்டை கிழியக் கத்தும். சாலையைக் கடக்கும் கோழி, குஞ்சுகளோடு அலறியடித்து வேலிக்குள் பாயும்.

"நான் மட்டும் இல்லேன்னா இந்த வண்டி என்னைக்கோ கவுந்திருக்கும்" என்று ஹாரன் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் மெக்கானிக் சகாயம் தேய்ந்த பிரேக் டிரம்களைக் கழற்றிவிட்டு, பெரிய டிரம்களோடு புது பிரேக்கை மாட்டினார்.

"இனிமே நான் பார்த்துக்கறேன் அண்ணே" என்றது பிரேக்.

"நேத்து வந்த பய நீ! இறக்கம் வரட்டும், தெரியும்" என்றது ஹாரன்.

இறக்கம் வந்தது. நடுச்சாலையில் கோழியும் குஞ்சுகளும். ஹாரன் கத்துவதற்கு மூச்சை இழுத்தது. அதற்குள் வண்டி அலுங்காமல் நின்றுவிட்டது.

கோழி அண்ணாந்து பார்த்தது. "என்னண்ணே, இன்னைக்கு எங்களைத் திட்டலையா?"

"நான் எங்கே திட்டினேன்? பயத்துலதானே கத்தினேன்!" ஹாரன் வாய் தவறி உளறிவிட்டது.

கோழி விழுந்து விழுந்து சிரித்தது. பிரேக்கும் சிரித்தது. கடைசியில் ஹாரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாரும் கடந்த பிறகு, பின்தங்கி வந்த ஒரு குஞ்சைப் பார்த்து ஹாரன் முதன்முறையாக மெல்ல "பீப்" என்றது.

குஞ்சு ஓடவில்லை. நின்று திரும்பி, "கீச்" என்றது.